விசேஷம் கேட்காத வட்டம்: கருவிழந்தவர்களும் குழந்தைக்குக் காத்திருப்பவர்களும் ஒருவரையொருவர் தாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தால் நம் வீடுகளில் சில நாளைக்குப் பத்தியச் சமையல் நடக்கும். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுறாப்புட்டு. அம்மா வந்து தங்குவார். ஐந்தாம் நாள் அம்மா ஈப்போ ரயிலைப் பிடித்துப் போய்விடுவார். கணவருக்கு லீவு முடிந்திருக்கும். எம்சியும், அதாவது மருத்துவ விடுப்பும், முடிந்துவிடும். பத்தாம் நாள் ஏதோ ஓர் அத்தை போன் செய்து, "சரி, நடந்தது நடந்துபோச்சு, அடுத்தது எப்போ?" என்பார்.

இந்த வழிகாட்டி அந்தப் பத்தாம் நாளிலிருந்து தொடங்குகிறது. நான் கோலாலம்பூர் செந்தூல்காரி. இரண்டு கருவை இழந்தவள். ஒன்று 9 வாரத்தில், இன்னொன்று 19 வாரத்தில். மூன்றாவது தங்கியது. இடையில் இருந்த மூன்று வருடம் என்னைத் தாங்கியவர்கள், தித்திவங்சா ஏரிப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்து உட்கார்ந்த ஐந்து பெண்கள். அப்படி ஒரு வட்டத்தை எப்படிச் சேர்ப்பது, எப்படி நடத்துவது என்று எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு யாரும் சொல்லாமல் போனதால். இந்த மாதிரி வட்டங்கள் துக்கத்தால் உடைவதை நான் பார்த்ததில்லை. யாருக்காவது நல்ல செய்தி வருகிற நாளில்தான் உடைகின்றன. அதனால் கீழே உள்ள படிகளில் நான்காவதை இரண்டு முறை படியுங்கள்.

படி 1: ஆள் சேர்ப்பது

மூன்று பேர் இருந்தாலே தொடங்கலாம். ஆறு பேர் அழகு. பத்தைத் தாண்டினால் கூட்டமாகிவிடும். கூட்டத்தில் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கர்ப்பம் என்று தெரிந்த பிறகு நூற்றுக்கு 10 முதல் 15 வரை கலைகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உங்கள் கல்யாண ஆல்பத்தைத் திறந்து குடும்பப் படத்தைப் பாருங்கள். அதில் பட்டுப்புடவையில் நிற்கிறவர்களில் இரண்டு மூன்று பேருக்காவது நடந்திருக்கும். ஆனால் "மூணு மாசம் வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று வளர்ந்தவர்கள் நாம். உண்டானதையே சொல்லாதவள் கலைந்ததை எப்படிச் சொல்வாள்?

எனக்கு முதல் ஆள் கிடைத்தது ஓர் அரசாங்கக் கிளினிக் பெஞ்சில். சுற்றி இருந்த எல்லார் மடியிலும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகம். எங்கள் இருவர் மடியில் மட்டும் பழுப்பு உறை. நான் மெல்ல, "எனக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால கலைஞ்சிடுச்சு" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல், உறையின் மூலையை மடித்து மடித்து விரித்தபடி, "எனக்கு இது மூணாவதுக்கா" என்றாள்.

முறை இதுதான். "உங்களுக்கும் அப்படியா?" என்று துருவக் கூடாது. உங்கள் கதையை ஒரு வரியில் சொல்லி நிறுத்துங்கள். வர வேண்டியவள் வருவாள். வராதவள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போவாள், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

யார் யாரைச் சேர்க்கலாம்? இழந்தவர்கள், இழந்து மறுபடி உண்டானவர்கள், ஒரு முறைகூட உண்டாகாமல் காத்திருப்பவர்கள், மூன்று தரப்பும் ஒரே பாயில் உட்கார முடியும் என்பது என் அனுபவம். முடியாது என்று நினைப்பவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "உனக்காவது ஒரு தடவை தங்குச்சு" என்று ஒருத்தி சொல்லிவிடுவாள். "உனக்குப் புதைக்க ஒண்ணும் இல்லையே" என்று இன்னொருத்தி பதில் சொல்லிவிடுவாள். துக்கத்தைத் தராசில் வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். மனதுக்குள் வைத்திருந்தால் போதாது.

சேர்க்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்து ஓரகத்திகளை, நாத்தனாரைச் சேர்க்காதீர்கள். இங்கே சொன்னது தீபாவளிக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். அப்புறம், கருப்பையைச் சுத்தம் பண்ணுகிற ஜூஸ் விற்பவர்கள். சிரிக்காதீர்கள், டைரக்ட் செல்லிங் ஆள் மோப்பம் பிடித்து வருகிற முதல் இடம் இதுதான். எங்களிடம் ஒருவர் வந்தார். 380 வெள்ளிக்கு ஒரு பாட்டில் வாங்கிய தங்கச்சி அதை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறாள், நினைவுச் சின்னமாக.

படி 2: இடமும் நேரமும்

யார் வீட்டிலும் வேண்டாம். மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார். பொது இடம் நல்லது, ஆனால் எந்தப் பொது இடம் என்பதில் கவனம் வேண்டும். நாங்கள் முதலில் ஞாயிறு மாலை ஏரிக்கரைக்குப் போனோம். திரும்பிய பக்கமெல்லாம் தள்ளுவண்டிக் குழந்தைகள், சோப்புக் குமிழி ஊதும் குழந்தைகள். ஒருத்தி பத்து நிமிடத்தில் கார் பார்க்குக்குப் போய்விட்டாள். பிறகு காலை ஏழரைக்கு மாற்றினோம். அந்த நேரத்தில் நடைப்பயிற்சி செய்யும் சீன ஆண்ட்டிகள் மட்டும்தான். மாமாக் கடையும் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மோசமில்லை. இரைச்சலில் பக்கத்து மேசைக்கு ஒன்றும் கேட்காது. பினாங்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் காலை நேரம் பொருந்தும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் எங்கள் தோழி நைட் ஷிப்ட் முடிந்து அங்கே உட்கார்ந்துதான் வீடியோ காலில் சேர்ந்துகொள்வாள்.

மாதம் ஒரு முறை, ஒரே நாள், இரண்டு மணி நேரம். வாரா வாரம் என்று ஆசையில் தொடங்காதீர்கள், மூன்றாவது வாரமே சாக்கு வரும். சாப்பாடு கட்டாயம். யாராவது இட்லி, யாராவது நாசி லெமாக் பொட்டலம். வாய்க்குள் ஏதாவது இருந்தால் அமைதி கனமாக இருக்காது.

முதல் சந்திப்பில் ஒருவருக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது, "எனக்கும்தான்" என்றுகூடச் சொல்லக் கூடாது. அழுதால் அழட்டும். முதுகைத் தட்டி நிறுத்தாதீர்கள். வீட்டில் அதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள்.

படி 3: பேசும் முறை

எங்கள் வட்டத்தில் ஒரு கேள்வி உண்டு: "காது வேணுமா, யோசனை வேணுமா?" யாராவது பேசத் தொடங்கினால் இதைக் கேட்டுவிடுவோம். காது என்றால் கேட்பதோடு சரி. யோசனை என்றால் தெரிந்ததைச் சொல்லலாம். இந்த ஒரு கேள்வி எங்களுக்குப் பாதிச் சண்டையை மிச்சப்படுத்தியது.

தடை செய்த வாக்கியங்களும் உண்டு. "எல்லாம் நல்லதுக்குத்தான்." "உனக்கு வயசு இருக்கு." "ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, அதைப் பாரு." இவற்றைவிட மோசமானது, "கவலைப்படாம இருந்தாலே தங்கிடும்." கலைந்ததற்கு அவள் கவலைதான் காரணம் என்று சொல்லாமல் சொல்வது அது.

குற்ற உணர்ச்சியைப் பற்றி ஒரு முழுச் சந்திப்பே ஒதுக்குங்கள். ஒவ்வொருத்திக்கும் உள்ளே ஒரு பட்டியல் இருக்கும். அன்னாசிப்பழம் தின்றேன், மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போனேன், பத்துமலை 272 படியும் ஏறினேன், அமாவாசையன்று துணி துவைத்தேன். பட்டியலை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒருவர் இதை நிதானமாகச் சொல்லட்டும்: முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். படி ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது நின்றிருக்காது. எங்களில் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "இதை என் மாமியாருக்கு மைக் போட்டுச் சொல்லுங்க" என்றாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக எல்லாரும் சிரித்தோம்.

ஒரு பொது நாட்காட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொருத்தியின் இழப்பு நாளும், பிரசவம் ஆகியிருக்க வேண்டிய நாளும் இருக்கட்டும். இரண்டாவது நாளை ஊரில் எவரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், அவளைத் தவிர. அன்று காலை ஒரு செய்தி போதும்: "இன்னிக்கு உன் நாள். மறக்கல." பதில் வராது. வராவிட்டால் பரவாயில்லை.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்கேன் படம் அச்சடிக்கும் தாள் வெப்பத் தாள், கடை ரசீது மாதிரி. வருடம் போகப் போக வெளுத்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் போடக் கொடுத்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். எங்கள் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது, அவளிடம் இருந்த ஒரே படம். இழந்தவளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: படத்தைப் போனில் நேராக ஒரு போட்டோ எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்து வை.

படி 4: நல்ல செய்தி வரும் நாள்

எங்கள் வட்டம் ஏழாவது மாதத்தில் உடைந்தது. காலை ஆறே முக்காலுக்கு ஒருத்தி கர்ப்பம் பார்க்கும் யூபிடி குச்சியின் படத்தைக் குழுவில் போட்டாள். இரண்டு கோடு. ஒரு நிமிடத்துக்குள் இதயமும் கைகூப்பலும் குவிந்தன. நானும் போட்டேன். அன்று காலை ஆறு மணிக்குத்தான் இன்னொருத்திக்கு மாதவிலக்கு வந்திருந்தது, பதினோரு நாள் தள்ளிப்போன பிறகு. அவளும் ஓர் இதயம் போட்டாள். இரவு குழுவைவிட்டு வெளியேறினாள். திரும்ப ஐந்து மாதம் ஆனது.

யார் மேலும் தப்பில்லை. முறை இல்லாததுதான் தப்பு. பிறகு நாங்கள் உட்கார்ந்து வகுத்துக்கொண்டது இது.

நல்ல செய்தியைக் குழுவில் முதலில் போடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத்தில் அனுப்ப வேண்டும். போனில் வேண்டாம், நேரில் வேண்டவே வேண்டாம். நேரில் சொன்னால் கேட்பவள் அந்தக் கணமே முகத்தைச் சரி செய்தாக வேண்டும். எழுத்தில் வந்தால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம், அழலாம், அப்புறம் பல் துலக்கலாம். குச்சிப் படம் வேண்டாம், ஸ்கேன் படமும் வேண்டாம். கடைசி வரியாக, "பதில் போட வேணாம், உனக்கு எப்போ முடியுமோ அப்போ" என்று எழுதுங்கள். நாள் பார்த்து அனுப்புங்கள். பொது நாட்காட்டியில் அன்று யாருடைய நாளாவது இருந்தால் அவளுக்கு மறுநாள்.

பெறுகிறவளுக்கும் ஒரு வாசகம் வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் வார்த்தை வராது. எங்களுடையது: "சந்தோஷம். கொஞ்ச நாள் தள்ளி இருக்கேன்." இதைச் சொன்னவளிடம் காரணம் கேட்கக் கூடாது. ஒருவர் மட்டும், முன்கூட்டியே பேசி வைத்த ஒருவர், வாரம் ஒரு முறை "சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இனி நம் வீடுகளில் மட்டும் உள்ள ஒரு சிக்கல். உண்டானவளின் மாமியாரோ அம்மாவோ, "பிள்ளை இல்லாதவ கூட உட்காராதே, கண்ணு பட்டுடும்" என்பார். நம்புகிறீர்களோ இல்லையோ, அந்தச் சொல் அவள் காதில் விழுந்திருக்கும். முந்தைய கருவை இழந்தவளுக்குப் பயம் வேறு இருக்கும். அவள் ஒரு மாதம் வராமல் இருந்தால், காத்திருப்பவள், "என் கண்ணைக் கண்டு பயப்படுறா" என்று புரிந்துகொள்வாள். இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டார்கள். இதை யாருக்கும் இன்னும் உண்டாகாத காலத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். எங்கள் வட்டத்தில் காத்திருக்கும் அக்கா ஒருத்திதான் அதை எடுத்தார்: "என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தா, எனக்கு நானே பார்த்திருக்க மாட்டேனா?" அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

வாந்தி, வீக்கம், பெயர்ப் பட்டியல் எல்லாம் பேச ஒரு கிளைக் குழு தொடங்குங்கள். ஆனால் உண்டானவளைத் தாய்க் குழுவிலிருந்து அனுப்பிவிடாதீர்கள். நாங்கள் முதலில் அந்தத் தவறைச் செய்தோம். வாழ்த்திவிட்டு வழியனுப்பினோம், பாஸ் ஆன மாணவியை அனுப்புகிற மாதிரி. அவளோ அப்போதுதான் வாழ்க்கையிலேயே அதிகமாகப் பயந்துகொண்டிருந்தாள்.

படி 5: இழப்புக்குப் பின் உண்டானவளுக்குத் துணை

இவளுக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே இருக்கும். ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் டிஷ்யூவில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கிறாள் என்பது அந்த ஊருக்குத் தெரியாது. அதை அவளிடம், "நீயும் பார்க்கிறியா? நானும் பார்த்தேன், முப்பத்தெட்டு வாரம் வரைக்கும்" என்று சொல்லக்கூடியவள் வேண்டும்.

ஸ்கேனுக்கு ஒரு துணையை நியமியுங்கள். கணவர் வந்தாலும் பரவாயில்லை, வெளியே பெஞ்சில் ஒருத்தி இருக்கட்டும். ஸ்கேன் அறையில் டாக்டர் அளவெடுக்கும் அந்த இரண்டு நிமிட மௌனம்தான் கொடுமை. போன முறை அந்த மௌனத்தில்தான் செய்தி வந்தது. அதனால் படுக்கும் முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள்: "முதல்ல துடிப்பு இருக்கான்னு மட்டும் சொல்லுங்க டாக்டர், அளவு அப்புறம் எடுங்க." பெரும்பாலான டாக்டர்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு மிஸ்ஸி (தாதி), வேறு டாக்டர் என்றால் பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். "முன்பு இத்தனை வாரத்தில் குழந்தை தவறிவிட்டது, ஸ்கேன் செய்யும்போது உடனே பேசுங்கள்" என்று மலாயில் இரண்டு வரி எழுதிப் பிங்க் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் புத்தகத்துக்கு வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்துக்கு ஏற்ற நிறம் குறிப்பார்கள். முன்பு இழந்தவருக்கு வெள்ளையைத் தாண்டிய நிறம் வரலாம். நிறத்தைப் பார்த்து அரண்டுவிடாதீர்கள், டாக்டர் கூடுதலாகக் கவனிப்பார் என்று அர்த்தம். இனிப்புத் தண்ணி குடிக்கிற டெஸ்டைத் தட்டிக் கழிக்காதீர்கள். நம் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றில் போய் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய அந்தக் காலைப்பொழுதுக்கும் ஒரு துணை போகலாம்.

இரத்தம் பட்டால் குழுவில் கேட்கக் கூடாது. இது எங்கள் கண்டிப்பான விதி. "எனக்கும் அப்படி வந்துச்சு, ஒண்ணும் ஆகல" என்று அன்பாகச் சொல்லும் வார்த்தை ஒருத்தியை ஆறு மணி நேரம் வீட்டில் உட்கார வைத்துவிடும். நேராக ஆஸ்பத்திரி. முன்பு கலைந்து, இப்போது ஆரம்ப மாதங்களில் இரத்தமும் பட்டால் புரோஜெஸ்டிரோன் மருந்து சிலருக்குப் பலன் தரக்கூடும் என்று 2019ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்றால் 999. கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும், அது உயிருக்கே ஆபத்து.

வீட்டில் துடிப்புக் கேட்கும் கருவியை வாங்கித் தராதீர்கள். தாயின் இரத்த ஓட்டத்தையே குழந்தையின் துடிப்பு என்று நினைத்து ஏமாந்துபோவதுண்டு. 28 வாரத்துக்குப் பிறகு அசைவுக் கணக்குத் தாள் கொடுப்பார்கள், 12 மணி நேரத்தில் 10 அசைவு. அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் 12 மணி நேரம் முடியக் காத்திருக்க வேண்டாம், இராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். "சும்மா வந்து தொந்தரவு பண்றேனோ" என்று அவள் தயங்குவாள். காரை எடுப்பது நம் வேலை.

முந்தைய இழப்பு நடந்த வாரம் வரும்போது தூக்கம் போய்விடும். எனக்கு 19வது வாரம் முழுக்க, ஆள் மாற்றி ஆள் வந்து என் வீட்டில் படுத்தார்கள். பேசவே இல்லை. சோபாவில் யாரோ குறட்டை விடுகிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. வளைகாப்பு அவள் விருப்பம். பயந்து வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். எங்களில் ஒருத்திக்கு மண்டபம் கிண்டபம் எதுவும் இல்லாமல், மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய கண்ணாடி வளையலை அதே பாயில் உட்கார்ந்து போட்டோம்.

படி 6: மறுபடியும் இழந்தால்

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. ஆனால் முன்பே வேலை பிரித்து வைக்காவிட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் போன் செய்து அவளை இன்னும் கொல்வீர்கள். ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு. ஒருத்தி மற்றவர்களுக்குத் தகவல் சொல்ல. ஒருத்தி சாப்பாட்டுக்கு, கணவருக்கும் சேர்த்து. அவரிடம் "அவளைப் பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லாமல், "நீங்க எப்படி இருக்கீங்கண்ணா?" என்றும் ஒருவர் கேளுங்கள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. மணிக்கு இரண்டு பேட் நனைகிற அளவுக்குப் போக்கு, காய்ச்சல், துர்நாற்றம் என்றால் திரும்ப ஆஸ்பத்திரி. இரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கருவைப் பாதுகாக்கும் ஆண்டி-டி ஊசி தேவையா என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேளுங்கள், சீனர், மலாய்க்காரரைவிட நம்மவரிடம் இந்த வகை அதிகம். கலைந்த பிறகும் சில வாரம் யூபிடியில் இரண்டு கோடு காட்டும். பழைய ஹார்மோன் அது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

நாலு மாதத்துக்கு மேல் போய்த் தவறினால் பால் சுரக்கலாம். எனக்கு மூன்றாம் நாள் சட்டை நனைந்தபோது என்னவென்றே புரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. பிள்ளை பெற்றவர்கள் இருக்கிற அதே வார்டில்தான் படுக்க வைத்திருந்தார்கள், அது வேறு கதை. இறுக்கமான உள்ளாடை, ஐஸ் ஒத்தடம், வலிக்கு மாத்திரை, பீய்ச்சி எடுக்காமல் இருப்பது. தேவைப்பட்டால் டாக்டர் நிறுத்த மருந்து தருவார். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுகிற பாட்டி வைத்தியத்தை மருந்தோடு ஒப்பிட்டு 1988ல் ஓர் ஆய்வே வெளியானது, பூவுக்கும் பால் குறைந்தது. செந்தூல் பூக்கடையில் இரண்டு முழம் வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வைத்தவர் அந்தக் கண்ணுக்குச் சக்தியில்லாத அக்காதான்.

வேலை செய்பவர்களுக்கு ஒரு சட்ட விவரம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் பிரசவம் என்பது 22 வாரத்துக்குப் பிறகு, குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும். அதனால் 22 வாரத்தைத் தாண்டி இழந்தவருக்கும் பிரசவ விடுப்பு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள். கணவரின் 7 நாள் விடுப்பும் அதே பிரசவம் என்ற சொல்லை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 22 வாரத்துக்கு முன் என்றால் எம்சிதான். முதலாளியிடம் இதை அவளே வாதாட வேண்டாம். குழுவில் அலுவலகக் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார்.

"அடுத்தது எப்போ" என்பதற்கு 2005ல் உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள், அதற்கு முன் உண்டானாலும் கெடுதல் இல்லை என்று காட்டின. உடம்பும் மனமும் தயாரா என்பதை அவளும் டாக்டரும் முடிவு செய்யட்டும். இரண்டு முறை கலைந்திருந்தால் காரணம் தேடும் பரிசோதனைகளைக் கேளுங்கள்: தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, இரத்தம் உறையும் கோளாறு. மூன்று முறை ஆகட்டும் என்பது பழைய வழக்கம்.

படி 7: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் மருத்துவத்துக்கென எடுப்பதில் 2020 முதல் கருத்தரிப்புச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. இப்போது அது செஜாத்தெரா கணக்கிலிருந்து. எல்பிபிகேஎன் என்ற அரசாங்கக் குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளில் தொடக்க நிலைப் பரிசோதனையும் ஆலோசனையும் தனியாரைவிடக் கட்டணம் குறைவு. வருமான வரியில் கருத்தரிப்புச் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு உண்டு, ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் மட்டும் வேண்டாம். ஐவிஎஃப் தோற்றுப்போனால் கடனும் துக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடும்.

படி 8: வட்டத்தால் முடியாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் குளிக்காமல், சாப்பிடாமல், எதிலும் ஒட்டாமல் இருக்கிறாளா? "நான் போய்ட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்கிறாளா? அது காது கொடுத்தால் தீருகிற விஷயம் இல்லை. நேராகக் கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். தனியாக விடாதீர்கள். கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555. வீட்டில் அடி உதை என்றால் அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999. பிள்ளை இல்லை என்று கை நீட்டுகிற வீடுகள் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியாது.

படி 9: விழாக்கள்

தீபாவளிக்கு வருகிற "விசேஷம் ஏதும் உண்டா?" கேள்விக்கு ஒரு வரிப் பதிலைக் குழுவிலேயே ஒத்திகை பாருங்கள். "இருந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன் அத்தை" என்பது வேலை செய்கிறது. வளைகாப்பு அழைப்பு வந்தால் போகாமல் சீர் மட்டும் அனுப்புவது மரியாதைக் குறைவு இல்லை. போனால் ஒருத்தி கூடப் போங்கள், சாப்பிட்டதும் கிளம்பிவிடலாம்.

தைப்பூசம்தான் கடினம். வேண்டிப் பெற்ற பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் போட்டு, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு நம் பக்கத்திலேயே படி ஏறுவார்கள். வழியில் ஒதுங்க இடம் கிடையாது. என் மகளுக்குத் தொட்டில் எடுப்பதாக நானும் வேண்டியிருந்தேன். படி 4இல் சொன்னபடி தனித்தனியாக எழுதி அனுப்பினேன், பதில் போட வேணாம் என்று. மூன்று பேர் வந்து பாதி வழியில் கரும்பைத் தாங்கினார்கள். பினாங்குத் தோழி தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்தாள். எனக்குப் பூ வாங்கி வந்த, இன்னும் காத்திருக்கும் அந்த அக்கா, "கொஞ்ச நாள் தள்ளி இருக்கேன்" என்று அனுப்பினார். படம் எதையும் குழுவில் போடவில்லை. மறுநாள் பஞ்சாமிர்தமும் ஒரு துண்டு கரும்பும் பையில் போட்டு அவர் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு, மணி அடிக்காமல் வந்தேன். மாலையில் செய்தி வந்தது: "கரும்பு இனிப்பு பத்தல. அடுத்த வருஷம் நான் பார்த்து வாங்கித் தர்றேன்."